ஆன் செய்ததும் ஹேங் ஆகும் பழைய லேப்டாப்: ஃபார்மட்டா, எஸ்எஸ்டியா, லினக்ஸா, புதிதா?

லேப்டாப் ஆன் ஆகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது, டெஸ்க்டாப்பும் வந்துவிடுகிறது. ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அப்படியே நின்றுபோகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் அதேதான். யாரிடம் கேட்டாலும் ஒரு தீர்வைத் தயாராக வைத்திருப்பார்கள். ஒருவர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்று, அதாவது ஃபார்மட் போட்டுவிடு என்பார், இன்னொருவர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடு என்பார். ரேமைக் கூட்டு, விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறிவிடு, இதற்குச் செலவழிப்பதே வீண், புதிது வாங்கு என்று ஆளுக்கு ஒன்றாகச் சொல்வார்கள். இவை எல்லாமே ஏதாவது ஒரு லேப்டாப்புக்குச் சரியான தீர்வுகள்தாம். உங்களுடையதற்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் இறங்கினால் பணம் போகும், சில சமயம் கோப்புகளும் சேர்ந்து போகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் முதலில் கையில் எடுப்பது ஃபார்மட்தான். அதை நன்றாகப் பின்னால் தள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் ஃபார்மட் எதையும் சரிசெய்யாது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து விண்டோஸை ஏற்றுவீர்கள், ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் அதே இடத்தில் நிற்கும். அதற்குள் பழைய கோப்புகளின் மேல் புதியவை எழுதப்பட்டிருக்கும்.

எந்த வழிக்குப் போவதானாலும் கோப்புகளைக் காப்பாற்றுவது முதல் வேலை. விண்டோஸ் இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு லினக்ஸ் பதிப்பை வேறொரு கணினியில் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்கலாம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸுக்குள்ளேயே உங்கள் டிஸ்க் தெரியும். தேவையான கோப்புறைகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறைகுறியாக்கப் பூட்டு இருந்தால் மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்த லேப்டாப் என்றால் அந்தச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: நகல் எடுக்கும் முன், விண்டோஸின் டிஸ்க் சோதனை நிரலான செக்டிஸ்க்கை முழுச் சோதனையாக ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படிக்கும். ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க் அந்தச் சோதனையிலேயே விழுந்துவிடக்கூடும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்ற சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் அதைத் தரவு மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

ஹேங் ஆனதும் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸின் மையப் பகுதியான உட்கரு உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, மவுஸ் அம்பும் நகரவில்லை, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே ஒலியில் ரீங்காரமிடுகிறது என்றால் எல்லாமே நின்றுவிட்டது. முதல் வகைக்குப் பெரும்பாலும் டிஸ்க்கோ மென்பொருளோ காரணம். இரண்டாவதில் ரேம், கிராஃபிக்ஸ், வெப்பம், மதர்போர்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மவுஸ் நகர்கிறது, திரை மட்டும் மாறவில்லை என்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அது திரையை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கும். திரை ஒரு நொடி மின்னி உயிர் வந்தால் சந்தேகம் டிரைவர் பக்கம் திரும்பும்.

அடுத்தது பொறுமைச் சோதனை. ஹேங் ஆனதும் அணைக்காமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். தானாகவே மீண்டு வந்தால் அது ஹேங் அல்ல, கடும் மந்தம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காததால்தான் நல்ல லேப்டாப்புகள்கூட வீணாகத் தூக்கி எறியப்படுகின்றன. மீளவே இல்லை என்றால் அதே லேப்டாப்பை, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் அரை மணி நேரம் சும்மா நிறுத்திப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயும் நின்றுபோனால் ஃபார்மட், லினக்ஸ் இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம், கோளாறு வன்பொருளில்தான்.

பயாஸில் சிக்கல் இல்லை, விண்டோஸில்தான் ஹேங் ஆகிறது என்றால் அடுத்தது சேஃப் மோட், அதாவது மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் வழி. பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே பவர் குறியைச் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். டெஸ்க்டாப் வந்த பிறகுதான் ஹேங் ஆகிறது என்றால் இதற்கு நேரம் கிடைக்கும். சேஃப் மோடில் மணிக்கணக்கில் ஓடினால் டிரைவர் அல்லது தொடக்க நிரல்கள்தாம் முதல் சந்தேகம். அங்கேயும் நின்றால் முன்பு சொன்ன பென் டிரைவ் லினக்ஸில் ஒரு மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அது பழைய டிஸ்க்கைப் பெரும்பாலும் தொடாமல் ஓடுவது. அதில் சிக்கல் இல்லாமல் ஓடினால் ரேம், பிராசசர், போர்டு எல்லாம் ஓரளவு நலம், சந்தேகம் டிஸ்க்கின் மேலோ அதிலுள்ள விண்டோஸின் மேலோ விழுகிறது.

டிஸ்க்கை மாற்றுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பழைய லேப்டாப்புகளில் தொடங்கிய சில நிமிடங்களில் வரும் சிக்கலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கைத்தான். காரணம் எளிது. டெஸ்க்டாப் தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அப்போதுதான் டிஸ்க்குக்கு உச்ச வேலை தொடங்குகிறது. ஆன்டிவைரஸ், அப்டேட், தேடல் அட்டவணை, கிளவுட் ஒத்திசைவு எல்லாம் ஒரே நேரத்தில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கின்றன. லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். தலை நகர்வதையும் சேர்த்தால் சிதறிய கோப்புகளை நொடிக்கு அறுபது, எழுபது முறைக்கு மேல் எட்டிப் படிக்க முடியாது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். நல்ல நிலையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கே இப்படித் திணறுகிறது. அதில் பேட் செக்டர், அதாவது சரியாகப் படிக்க முடியாத பழுதான இடம், விழுந்தால் டிஸ்க் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும், விண்டோஸ் அதற்காகக் காத்திருக்கும். நாம் காணும் ஹேங் அந்தக் காத்திருப்புதான்.

ஊகிக்க வேண்டியதில்லை, டிஸ்க்கே தன் நிலையைச் சொல்லும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்து 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் மூல எண்ணைப் (ரா வேல்யூ) பாருங்கள். பழுதென்று ஒதுக்கப்பட்ட செக்டர்கள் 05-இல் இருக்கும். படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை சி5-இல், திருத்தவே முடியாதவை சி6-இல். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5 பூஜ்யம் இல்லை, அதுவும் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் வேறு விவாதமே வேண்டாம், டிஸ்க்கை மாற்றுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் அது வேறு கதை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு கெடுகிறது, அதாவது கேபிளோ இணைப்போ சரியில்லை. கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தினாலே சில சமயம் சரியாகிவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, ஹேங் ஆன நேரத்துக்கு எதிரே 7, 129, 153 ஆகிய எண்கள் வரிசையாக விழுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை டிஸ்க் பக்கச் சிக்கலின் அறிகுறிகள்.

ஒரு எச்சரிக்கை. 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமாக இருப்பதாலேயே டிஸ்க் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. பூஜ்யம் இல்லை என்றால் டிஸ்க்கை நம்ப முடியாது என்று மட்டும் சொல்லலாம்.

வாங்கும்போது விலை உயர்ந்த மாடல் தேவையில்லை. பழைய லேப்டாப்பில் டிஸ்க்கை போர்டோடு இணைப்பது பெரும்பாலும் சாட்டா என்ற இணைப்பு. அதன் மூன்றாம் தலைமுறையில் நொடிக்குச் சுமார் 550 எம்பிதான் உச்சம், இரண்டாம் தலைமுறையில் அதில் பாதி. எவ்வளவு வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் அந்த வாசலைத் தாண்டாது. ஆனால் நமக்கு வேண்டியது சிதறிய கோப்புகளை எட்டும் வேகம், அது சாதாரண சாட்டா எஸ்எஸ்டியிலேயே போதுமான அளவு கிடைக்கிறது. இரண்டரை அங்குல அளவில் 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதுதான் இப்போது பரவலாகக் கிடைக்கும். உங்கள் பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்றால் இடைவெளியை நிரப்ப ஸ்பேசர் என்ற சின்னச் சட்டம் ஒன்று போதும். சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 வாசல் உள்ள லேப்டாப் என்றால் அது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையா என்று பார்த்த பிறகு வாங்குங்கள். விலை மலிவான சில லேப்டாப்புகளில் சேமிப்பகம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அவற்றில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து குளோன் செய்வதா, புதிதாக விண்டோஸ் ஏற்றுவதா? டிஸ்க் நலமாக இருந்து மந்தம் மட்டுமே பிரச்சினை என்றால் குளோன் சுகமானது, எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். டிஸ்க் பழுதென்றால் குளோன் வேண்டாம். பேட் செக்டரில் முட்டி நின்றுவிடும், முடிந்தாலும் சிதைந்த சிஸ்டம் கோப்புகளைப் புது வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டது. அதே பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்ததும் தானாகவே செயல்பாட்டுக்கு வந்துவிடும்.

ரேம், வெப்பம், டிரைவர்

நான்கு ஜிபி ரேமோடு ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்த லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தாலே ரேம் நிரம்பி, வழிவது டிஸ்க்குக்குப் போகும். அதுவும் ஹேங் போலவே தெரியும். அப்போது ரேமைக் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா? ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டி. ரேம் நிரம்பினாலும் வழிவது வேகமான இடத்துக்குப் போவதால் தாக்குப்பிடிக்கும். எஸ்எஸ்டியை நாளை வேறு லேப்டாப்புக்கும் கொண்டுபோகலாம். பழைய லேப்டாப்புகளில் இருக்கும் டிடிஆர்3 வகை ரேமைப் புதிய லேப்டாப்பில் பொருத்தவே முடியாது.

ரேம் பழுதாக இருந்தால் கணக்கே மாறிவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென் டிரைவில் எழுதி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. அதோடு விண்டோஸ் ஏற்றினால் ஏற்றும்போதே கோப்புகள் சிதையலாம். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதியுங்கள். அதற்கும் முன், மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்திப் பாருங்கள். சில லேப்டாப்புகள் அதிலேயே சரியாகிவிடும். புதிது வாங்கும்போது மின்னழுத்தத்தைக் கவனியுங்கள்: டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றது வேலை செய்யாது.

வெப்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஹேங் ஆனதும் உடனே மறுபடி போடுங்கள். அடுத்த ஹேங் இன்னும் சீக்கிரம் வருகிறதா? ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் தாமதமாக வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் வெப்பம்தான். ஆறிய நிலையில் தொடங்கி எதுவும் செய்யாமல் இருக்கும்போதே பிராசசரின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் விசிறியில் தூசி அடைத்திருக்கும், அல்லது பிராசசரின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. காற்றடித்துத் தூசி எடுக்கும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வெப்பம் மட்டுமே காரணம் என்றால் பெரும்பாலும் லேப்டாப் முதலில் மந்தமாகி, பிறகு சட்டென்று அணைந்துவிடும். அணையாமல் உறைந்தே நிற்கிறது என்றால் மற்றவற்றையும் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அந்த நிமிடமே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அது தீப்பிடிக்கக்கூடிய நிலை.

சேஃப் மோடில் நன்றாக ஓடும் லேப்டாப்புக்கு முதலில் செய்ய வேண்டியவை காசில்லாத வேலைகள். டாஸ்க் மேனேஜரில் தொடக்க நிரல்களை அணைத்துப் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் என்பது முழு அணைப்பு ஆகாது, உட்கருவின் நிலை டிஸ்க்கில் பதிந்து அடுத்த முறை அப்படியே திரும்பி வரும், கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் செய்தால் ஹேங் ஆகவில்லை, ஷட் டவுன் செய்து போட்டால் ஆகிறது என்றால் இதுதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கிராஃபிக்ஸ் டிரைவரை முந்தைய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் சிப்பும் உள்ள லேப்டாப் என்றால் டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கிப் பாருங்கள். முடக்கினால் நன்றாக ஓடுகிறது, எந்த டிரைவரோடும் போட்டால் ஹேங் ஆகிறது என்றால் அந்தச் சிப்பே போய்க்கொண்டிருக்கிறது. முடக்கிய நிலையிலேயே அந்த லேப்டாப்பை இன்னும் பல நாள் ஓட்டலாம்.

ஃபார்மட்டும் லினக்ஸும்

டிஸ்க், ரேம், வெப்பம் எல்லாம் தேறி, தொடக்க நிரல்களைக் குறைத்தும் தீராத சிக்கலுக்குத்தான் ஃபார்மட். அதற்கும் முன் விண்டோஸின் டிஸ்ம் (DISM) கட்டளையையும் அடுத்து எஸ்எஃப்சி (SFC) கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். சிதைந்த சிஸ்டம் கோப்புகளைத் திருத்த அதுவே போதுமானதாக இருக்கலாம். ஃபார்மட்தான் என்று முடிவானால் ரீசெட் வசதியைவிடப் பென் டிரைவிலிருந்து சுத்தமாக ஏற்றுவதையே நான் விரும்புவேன். ரீசெட் டிஸ்க்கிலேயே உள்ள சிஸ்டம் கோப்புகளை எடுத்துக்கொண்டால், எதைச் சந்தேகிக்கிறோமோ அதிலிருந்தே புது விண்டோஸ் பிறக்கிறது.

எந்த விண்டோஸை ஏற்றுவது என்பது இப்போது பெரிய கேள்வி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும், அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கோ ரைசன் 2000 வரிசைக்கோ குறையாமல் இருக்க வேண்டும். தடையைச் சுற்றி வந்து ஏற்றும் வழிகள் உண்டு. ஆனால் கோர் 2 டுயோ காலத்து பிராசசர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சிப்பில் இல்லை.

லினக்ஸ் இந்த இடத்தில்தான் உண்மையான போட்டியாளர் ஆகிறது. மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு இரண்டு ஜிபி ரேம் குறைந்தபட்சம், நான்கு இருந்தால் வசதி. பாதுகாப்பு அப்டேட்டுகள் வந்துகொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: லினக்ஸ் வன்பொருள் கோளாறைத் தீர்க்காது. கெட்ட டிஸ்க்கில் லினக்ஸும் நிற்கும், கெட்ட ரேமில் லினக்ஸும் விழும். பே டிரெய்ல் வகை இன்டெல் சிப் உள்ள லேப்டாப்புகளில் விண்டோஸ் ஓடி, லினக்ஸ் மட்டும் ஹேங் ஆன காலமும் உண்டு. பிராசசரை ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவிடாமல் தொடக்க வரியில் ஒரு அமைப்பைச் சேர்த்துத்தான் பலர் தப்பித்தார்கள். வேலைக்குக் கட்டாயம் வேண்டிய விண்டோஸ் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதை முதலில் யோசியுங்கள். மற்றபடி நிறுவும் முன் பென் டிரைவிலேயே வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கையும் சோதித்துப் பார்த்தால் பின்னால் வருத்தப்பட வேண்டியிருக்காது.

எப்போது புதிது?

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஒரே ரேமோடு, அதையும் மாற்றி மாற்றிப் போட்டு, பயாஸ் திரையில் நிறுத்திப் பாருங்கள். ஆறிய நிலையிலும் நின்றுபோனால் மதர்போர்டு. போர்டில் ஒட்டிய ரேம் மெம்டெஸ்ட்டில் தோற்றாலும் அதே நிலைதான். இந்த இரண்டிலும் நான் மேலே செலவழிக்க மாட்டேன். சிப்பைச் சூடாக்கி மறுபடி ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். அது பல சமயம் சில மாதங்களுக்கு மேல் தாங்காது.

அந்த நிலையிலும் ஏற்கெனவே போட்ட எஸ்எஸ்டி வீணாகாது. யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். போர்டு போனாலும் டிஸ்க் நன்றாக இருக்கும் லேப்டாப்புகளில் கோப்புகளும் அப்படியேதான் இருக்கின்றன. பழையதை விற்கவோ கொடுக்கவோ முடிவு செய்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள்.